பனங்கிழங்குக் கணக்கும் பியாஜேயும்

கேள்வி கேட்டவர் பாளையங்கோட்டையில் பி.எட். படிக்கிறார். கற்பித்தல் பயிற்சிக்காக அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்குப் போய்வருகிறார். அவர் கேட்டது சுருக்கமாக இதுதான். ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். கரும்பலகையில் 65-ஐ மூன்றால் பெருக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறான். அதே பையன் பொங்கல் சமயத்தில் பேருந்து நிலையத்தில் அம்மாவோடு உட்கார்ந்து பனங்கிழங்கு விற்கிறான். கட்டு அறுபத்தைந்து, மூன்று கட்டு, நீட்டியது ஐந்நூறு ரூபாய் நோட்டு. கண்ணை மூடித் திறப்பதற்குள் மிச்சம் முந்நூற்று ஐந்தை எண்ணிக் கையில் வைக்கிறான். "பியாஜே சொன்னபடி இவன் எந்த நிலை? பியாஜே, வைகாட்ஸ்கி, ஸ்கின்னர், எரிக்சன் என்று வரிசையாக மனப்பாடம் செய்கிறோமே, இதில் எதுதான் சரி?" கூடவே இன்னொன்று: ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் சிலர் கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்களே, அதற்கு உளவியல் என்ன சொல்கிறது?

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள், எப்படிக் கற்கிறார்கள் என்ற இந்த உளவியல் பாடத்தை இருபத்தெட்டு வருஷம் நடத்தியிருக்கிறேன். அதில் முதல் பத்து வருஷம் தப்பாக நடத்தினேன். உளவியலாளரின் பெயர், நாடு, அவர் சொன்ன நிலைகள், வயது என்று அட்டவணை போட்டு, "எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அப்படிப் படித்தால் எது சரி என்ற சந்தேகம் வராமல் இருக்காது. எல்லாரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருப்பதால், ஒரே கேள்விக்குப் போட்டி போட்டுப் பதில் சொல்கிறார்கள் என்று தோன்றும். அவர்கள் கேட்ட கேள்விகளே வேறு வேறு. ஒருவர் தன் குழந்தையின் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெழுதினார். ஒருவர் புறாவைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். இன்னொருவர் அப்பா யாரென்றே தெரியாமல் வளர்ந்தவர், அவருக்கு ஆயுள் முழுக்க அடையாளம்தான் கேள்வி. யார், யாரை, எங்கே வைத்துப் பார்த்தார் என்று தெரிந்துகொண்டால், அவர் சொன்னது எதுவரை செல்லும் என்பதும் பிடிபட்டுவிடும்.

பியாஜே 1896-ல் சுவிட்சர்லாந்தின் நியூசாட்டலில் பிறந்தவர். ஆரம்பத்தில் ஆராய்ந்தது நத்தை, சிப்பி. பிறகு பாரிஸில், பினேயோடு சேர்ந்து நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கிய சைமனிடம் வேலைக்குச் சேர்ந்தார். பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுச் சரியான விடைகளைக் கணக்கெடுப்பதுதான் வேலை. அவருக்கோ தப்பான விடைகள் மேல் கண் போனது. ஒரே வயசுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தப்புச் செய்கிறார்கள். அப்படியானால் அது தெரியாத்தனம் இல்லை, அந்த வயசுக்கென்று ஒரு யோசிக்கும் முறை இருக்கிறது என்று பிடித்தார். அட்டவணையில் இருக்கும் நான்கு நிலைகளும் இந்த ஒரு கவனிப்பிலிருந்து கிளைத்தவைதான்.

என் பேத்திக்கு ஐந்து வயசாக இருந்தபோது பதநீரை வைத்துச் செய்து பார்த்தேன். ஒரே மாதிரி இரண்டு டம்ளர், ஒரே அளவு பதநீர். "ரெண்டும் சமமா?" "சமம்." ஒன்றை அவள் கண்ணெதிரே அகலமான கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, "இப்போ?" என்றேன். டம்ளரில்தான் நிறைய இருக்கிறது என்றாள். பியாஜே எழுதி வைத்தது அப்படியே நடந்ததில் எனக்குப் பெருமை. பக்கத்தில் இருந்த என் மனைவி, "சும்மா சும்மா அதையே கேட்டா பிள்ள என்ன செய்யும்? முதல்ல சொன்னது தப்புபோலன்னு மாத்திச் சொல்லுது" என்றாள்.

இந்த ஆட்சேபத்தை ஆராய்ச்சியாளர்களும் எழுப்பியிருக்கிறார்கள். நம் வகுப்பறைகளில் ஆசிரியர் அதே கேள்வியை இரண்டாவது தடவை கேட்டால் என்ன அர்த்தம்? முதல் பதில் தப்பு, அதுதான் அர்த்தம். 1974-ல் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்ற இருவர், சம எண்ணிக்கையில் இரண்டு வரிசையாக அடுக்கிய காய்களைப் பெரியவர் கலைக்காமல் ஒரு குறும்புக்காரப் பொம்மைக் கரடி வந்து கலைத்துவிட்டுப் போவதுபோல் ஏற்பாடு செய்தார்கள். ரெண்டும் சமமா என்ற கேள்வி அதேதான். ஆனால் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளில் முன்பு தவறியவர்கள் பலர் இப்போது சரியாகச் சொன்னார்கள். பியாஜே கண்ட முறை இருக்கத்தான் செய்கிறது. வயசுக் கணக்கில் மட்டும் அவர் பிள்ளைகளைக் கொஞ்சம் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். பிள்ளை பதில் சொல்வது கேள்விக்கு மட்டுமில்லை, கேட்கிற ஆளுக்கும் சேர்த்துத்தான்.

இப்போது உங்கள் பையனிடம் வருவோம். பன்னிரண்டு வயசு இருக்கும். 7 முதல் 11 வரை பருப்பொருள் நிலை, பொருள் கையில் இருந்தால் தர்க்கம் வரும். அதற்குப் பிறகு வெறும் எண்ணத்தை வைத்து யோசிக்கும் நிலை. கிழங்கும் நோட்டும் இருந்தால் கணக்கு வருகிறது, வெறும் எண் என்றால் வரவில்லை, ஆகவே இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். எனக்கு அதில் திருப்தியில்லை. அவன் கிழங்கைத் தொட்டு எண்ணியா முந்நூற்று ஐந்து என்கிறான்? அது சுத்தமான மனக்கணக்கு. கிழங்கு அங்கே சும்மா கிடக்கிறது.

பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் இதே விஷயத்தைச் சோதித்துப் பார்த்தார்கள், ஆய்வு 1985-ல் வெளிவந்தது. தெருவில் வியாபாரம் செய்யும் ஐந்து பிள்ளைகள். வாங்குகிறவர்போலப் போய் வியாபாரத்தின் நடுவில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. பிறகு அதே வகைக் கணக்குகளைத் தாளும் பென்சிலும் கொடுத்து வெறும் எண்ணாகக் கேட்டபோது 37 சதவீதம்தான் சரி. கதைக் கணக்காகக் கொடுத்தால் நடுவில், 74. பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவனிடம் தேங்காய் ஒன்று 35, பத்து தேங்காய் எவ்வளவு என்று கேட்டார்கள். பத்தால் பெருக்க ஒரு பூச்சியம் சேர்த்தால் போதும் என்று நாம் சொல்வோம். அவன் மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று, 210 என்று மூன்று மூன்றாக ஏறி 350-க்கு வந்து சேர்ந்தான். பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த வழியில் அவன் போகவே இல்லை.

உங்கள் பையனும் அனேகமாக இப்படித்தான் செய்கிறான். அடுத்த முறை அவனிடம் கிழங்கு வாங்கும்போது, "எப்படிலே போட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். "மூணு அறுவது நூத்தெண்பது, மூணஞ்சு பதினஞ்சு" என்பான். அதை அப்படியே கரும்பலகையில் எழுதினால் 60×3 + 5×3. நாம் பங்கீட்டு விதி என்று பெயர் வைத்து நடத்துகிற பாடம் அது. அவன் வாயால் சொன்னது பலகையில் எழுத்தாக நிற்பதை அவன் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் வைகாட்ஸ்கி உங்களுக்கு உதவுவார். அவரும் பியாஜே பிறந்த அதே 1896-ல் பிறந்தவர், ஆனால் அன்றைய ரஷ்யப் பேரரசில், இன்றைய பெலாரஸில். காசநோயால் 1934-ல், 37 வயசிலேயே போய்விட்டார். பிள்ளை தனியாக என்ன செய்கிறது என்று பியாஜே பார்த்தார். தெரிந்த ஒருவர் கூட இருந்தால் என்ன செய்ய முடிகிறது என்று இவர் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் அண்மை வளர்ச்சி மண்டலம், பாடம் நடக்க வேண்டிய இடம். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தாமிரபரணியில் நீச்சல் படித்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். கல்லிடைக்குறிச்சி படித்துறையில் என் மாமா என் வயிற்றுக்கடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கையைக் காலை அடிக்கச் சொல்வார். நாலு நாளில் உள்ளங்கை இரண்டு விரலாகியது. ஒரு நாள் விரலும் இல்லை, அவர் படியில் உட்கார்ந்து வேட்டி பிழிந்துகொண்டிருந்தார், நான் மிதந்துகொண்டிருந்தேன். இந்த உதவிக்குப் பாடப்புத்தகத்தில் சாரம் என்று பெயர். எங்கள் வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னாலே சிரிப்பு வந்துவிடும், நம்மூரில் சாரம் என்றால் கைலி அல்லவா. இது கொத்தனார் கட்டுகிற சாரம், சுவர் நின்றதும் அவிழ்த்துவிட வேண்டியது. வைகாட்ஸ்கியே அந்தச் சொல்லைச் சொன்னதாகப் பலர் எழுதுகிறார்கள். அது 1976-ல் வுட், புரூனர், ராஸ் என்ற மூவர் எழுதிய கட்டுரையில் வந்தது.

சரி, கணக்கு தெரிந்த பையன் ஏன் தலையைக் குனிகிறான்? இதற்கு பியாஜேயும் வைகாட்ஸ்கியும் அவ்வளவு உதவ மாட்டார்கள். மனசுக்குள் போகாமல் வெளியே தெரியும் நடத்தையை ஆராய்ந்த நடத்தைவாதிகளைத்தான் கூப்பிட வேண்டும்.

மணியடித்து உணவு கொடுத்துப் பழக்கி, மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊற வைத்தவர் பாவ்லவ். அவர் பெயரைச் சொன்னதும் உதாரணமாக எல்லாரும் அல்வாவை எழுதுகிறீர்கள். அல்வா வாசம் மூக்கில் ஏறி எச்சில் ஊறுவது பெரிய உதாரணம் இல்லை, வாசம் கிட்டத்தட்ட உணவேதான். அல்வாவே சாப்பிட்டறியாத ஒருவருக்கு நெல்லையப்பர் கோவில் வாசலில் கூட்டம் அல்வாவுக்கு வரிசையில் நிற்பதைப் பார்த்தால் எச்சில் ஊறாது, நமக்கு ஊறும். அந்த வரிசைதான் பாவ்லவின் மணி. பயமும் இதே வழியில் ஒட்டிக்கொள்ளும். 1920-ல் வாட்சனும் ரோசலி ரேனரும் பதினொரு மாதக் குழந்தை ஒன்றின் முன்னால் வெள்ளை எலியை விட்டு, அது எலியைத் தொடப் போகும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். பிறகு எலியைப் பார்த்தாலே குழந்தை அழுதது. அந்தப் பயத்தை எடுக்காமலேயே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். இந்தச் சோதனையைப் பாடம் நடத்துகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். நான்கு வருஷம் கழித்து மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி, முயலைக் கண்டு நடுங்கிய ஒரு பையனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே முயல் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தி, பயம் கழன்றுபோகவும் செய்யும் என்று காட்டினார். கோவில் கொடை விழாவில் மேளச் சத்தத்துக்கு வீரிட்டு அழும் குழந்தையை, ஆச்சி இடுப்பில் வைத்து, கையில் ஒரு முறுக்கைக் கொடுத்து, தூரத்தில் நின்று காட்டி, மறுநாள் இன்னும் நாலடி கிட்டே போய்க் காட்டுவாளே, அதேதான். வாட்சன் பெயர் எல்லா வினாத்தாளிலும் வருகிறது. ஜோன்ஸ் பெயர் வருவதில்லை.

உங்கள் பையனுக்குக் கரும்பலகை என்பது கணக்கு இல்லை. என்றைக்கோ ஒரு நாள் அங்கே நின்று எல்லாரும் சிரித்த ஞாபகமாக இருக்கலாம். அப்புறம், புறாவைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்த ஸ்கின்னர் வருகிறார். அவன் தலையைக் குனிந்ததும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? "சரி, நீ உட்காரு" என்று அடுத்தவனைக் கூப்பிடுகிறீர்கள். அவனுக்குத் தொல்லை விட்டது. தலை குனிந்தால் தொல்லை போகும் என்று அவன் உடம்பு கற்றுக்கொண்டது, அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாகக் குனிவான். இதற்குப் பெயர்தான் எதிர்மறை வலுவூட்டல். நான் திருத்திய விடைத்தாள்களில் பாதிக்கு மேல் இதைத் தண்டனை என்றே எழுதியிருப்பார்கள். தண்டனை ஒரு செயலைக் குறைக்கும். வலுவூட்டல், எதிர்மறையாக இருந்தாலும், செயலைக் கூட்டும். வேண்டாத ஒன்றை விலக்குவதால்தான் அது எதிர்மறை. நீங்கள் இரக்கப்பட்டுச் செய்ததுதான் அவன் குனிவதை வளர்த்திருக்கிறது. குற்றமாகச் சொல்லவில்லை, நானும் அதைத்தான் செய்திருப்பேன். எப்போதாவது மட்டும் கிடைக்கிற பலன் பழக்கத்தை இன்னும் இறுக்கிவிடும் என்றும் ஸ்கின்னர் காட்டினார். தூண்டில் போட்டவன் சாயங்காலம் வரை ஆற்றங்கரையை விட்டு எழுந்திருக்காததும், நாம் போனைக் கீழே வைக்காததும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

பிறரைப் பார்த்துக் கற்றுக்கொள்வதை ஆராய்ந்த பாண்டுராவைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தவறவிடக் கூடாத ஒரு இடம் உண்டு. 1961-ல் பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் தாங்களும் அதேபோல் அடித்தார்கள் என்பது வரை எல்லாரும் எழுதுகிறீர்கள். 1965-ல் செய்ததுதான் முக்கியம். அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் "அவர் செய்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்றதும் அவர்களும் மற்றவர்களைப் போலவே செய்து காட்டினார்கள். கற்றுக்கொள்வது வேறு, செய்வது வேறு. தாத்தா முன்னால் ஒரு கெட்ட வார்த்தை பேசாத பையனுக்கு எல்லா வார்த்தையும் தெரியும். வகுப்பில் வாய் திறக்காத பையனுக்கு உங்கள் பாடமும் தெரிந்திருக்கலாம்.

இனி அந்தக் கயிறு. இதை நீங்கள் கேட்டதற்கு நன்றி. பலர் கேட்கத் தயங்குவார்கள்.

எரிக்சன் 1902-ல் ஜெர்மனியில் பிறந்தவர். பெற்ற தகப்பன் யாரென்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. எரிக்சன் என்ற பெயரே பிற்பாடு அவர் தானே வைத்துக்கொண்டது. 1950-ல் மனித வாழ்க்கையை எட்டுக் கட்டமாகப் பிரித்து எழுதியபோது, பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயசு வரைக்கும் அவர் வைத்த கேள்வி "நான் யார்?". பிறகு 1966-ல் ஜேம்ஸ் மார்சியா இதை இன்னும் கூர்மையாக்கினார். தேடிப் பார்த்து ஒரு அடையாளத்துக்கு வந்தவர்கள் ஒரு வகை. தேடிக்கொண்டே இருப்பவர்கள், தேடவும் இல்லாமல் முடிவுக்கும் வராதவர்கள் என்று இன்னும் இரண்டு வகை. நான்காவது வகை, தேடாமலேயே வீடும் ஊரும் கொடுத்த அடையாளத்தை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள். சாதிக்கொரு நிறத்தில் கட்டும் கயிறு இந்த நான்காவது வகைக்கு அச்சு அசலான உதாரணம். பதினாலு வயசில் "நான் யார்" என்ற கேள்வி தொண்டையில் நிற்கிறது. ஐந்து ரூபாயில் பதில் கிடைத்துவிடுகிறது.

இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கலர் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. தடை வேண்டும்தான். ஆனால் கயிற்றை அறுத்துவிட்டால் கேள்வி தீர்ந்துவிடாது, அவன் வேறொரு பதிலைத் தேடிப் போவான். பிரான்ஃபன்பிரென்னர் என்ற உளவியலாளர், பிள்ளை வளரும் சூழலைப் பிள்ளையைச் சுற்றி வட்டம் வட்டமாக வரைந்தார், அதை இங்கே வரைந்து பாருங்கள். உள்வட்டத்தில் வீடும் வகுப்பும். வெளியே போகப் போக ஊர், கோவில் கொடை, நிலம் யாரிடம் இருக்கிறது, யார் தெருவில் யார் நடக்கலாம் என்பது. கயிறு கட்டுகிற கை வெளிவட்டத்தில் இருக்கிறது, கட்டப்படுகிற கை மட்டும் உங்கள் வகுப்பில் இருக்கிறது. ஏன் அந்த வயசில் கட்டிக்கொள்கிறான் என்று உளவியல் சொல்லும். ஏன் அந்த நிறம் என்பதற்கு நெல்லைச் சீமையின் சரித்திரத்தைத்தான் படிக்க வேண்டும்.

என்ன செய்யலாம் என்பதற்கு 1954-ல் ஷெரீஃப் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் நடத்திய முகாம் ஒரு துப்புக் கொடுக்கும். பதினொரு வயசையொட்டிய 22 பையன்களை இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்தார், சில நாளில் ஜென்மப் பகையாகிவிட்டது. ஒன்றாகச் சாப்பிட வைத்தும் அடங்கவில்லை. முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றுபோய், இரண்டு அணியும் சேர்ந்து தேடினால்தான் ஆகும் என்ற மாதிரி வேலைகளைத் தொடர்ந்து கொடுத்தபோதுதான் பகை தணிந்தது. ஆனால் அந்தப் பையன்கள் எல்லாரும் சம அந்தஸ்துக் குடும்பங்களிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். நம் பையன்கள் அப்படி இல்லை. சேர்ந்து வேலை கொடுக்கிறேன் என்று ஒருவனைத் தரை கூட்டவும் இன்னொருவனை மேற்பார்வை பார்க்கவும் விட்டுவிடாதீர்கள்.

விட்டுப்போன பெயர்கள் சில. ஃபிராய்டைப் படியுங்கள், ஆனால் பிள்ளை வளர்ச்சிக்கு அவரை நம்பி இறங்க வேண்டாம். அவருடைய பெயர்பெற்ற குழந்தை நோயாளியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தக் குழந்தையின் அப்பா சொன்னதுதான். எயின்ஸ்வொர்த்தைப் பற்றி ஒன்று மட்டும். தாய் வெளியே போய்த் திரும்பும்போது ஒரு வயசுக் குழந்தை என்ன செய்கிறது என்பதை வைத்து, தாயோடு குழந்தைக்கு இருக்கும் பிணைப்பை, அதாவது பற்றுறவை, வகைப்படுத்தினார். ஜப்பானில் அதே சோதனையைச் செய்தபோது, தேற்ற முடியாமல் அழுத குழந்தைகள் அதிகம். அங்கே குழந்தையைத் தனியாக விடும் வழக்கமே குறைவு. முக்கூடல் பக்கம், மடியில் சுளகோடு பீடி சுற்றும் அம்மாவின் முழங்காலில் சாய்ந்தே வளர்ந்த குழந்தையை ஒரு புது அறையில் தனியாக விட்டால் அதுவும் ஊரைக் கூட்டத்தான் செய்யும். அதற்காக அதன் பற்றுறவில் கோளாறு என்று எழுதிவிடாதீர்கள்.

மனிதத் தேவைகளைப் பசியிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அடுக்கியவர் மாஸ்லோ. அவருடைய 1943 கட்டுரையில் பிரமிடு படம் கிடையாது, அது பிற்பாடு மற்றவர்கள் வரைந்தது. வரிசை கண்டிப்பானது இல்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். ஆனாலும் முதல் படி பசி என்பதில் சந்தேகமில்லை. சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் மாடு மேய்த்த பையன், "பள்ளிக்கூடம் போனா சோறு போடுவியளா?" என்று காமராஜரிடம் கேட்டதாக நம்மூரில் ஒரு கதை சொல்வார்கள். மாஸ்லோவுக்கு அந்தப் பையன் சொன்னதைவிட நல்ல சுருக்கம் இல்லை. காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கியபோது ஐந்தாம் வகுப்பு வரைதான். உங்கள் பையன் ஏழாவது. காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு வருகிறான் என்று கேட்டீர்களா?

ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் தேர்வில் குழந்தை மேம்பாட்டுக்கு முப்பது மதிப்பெண். அங்கே "12 வயது மாணவன், பியாஜேயின்படி எந்த நிலை" என்று கேட்டால் புத்தகத்தில் உள்ளதைக் குறித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள், கிழங்குக் கதையெல்லாம் வேண்டாம். திங்கட்கிழமை வகுப்புக்குப் போகும்போது கரும்பலகைக்கு அவனைக் கூப்பிடாதீர்கள். நீங்களே அவன் பெஞ்சுக்குப் போய், கட்டு எழுபத்தைந்து, நாலு கட்டு, ஐந்நூறு கொடுத்தால் மிச்சம் எவ்வளவு என்று அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேளுங்கள். இருநூறு என்பான். எப்படி வந்தது என்று அவன் சொல்லச் சொல்ல, அவன் நோட்டில் நீங்கள் எழுதுங்கள். அடுத்த கணக்கில் பென்சிலை அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.